ஒரு கப் ரவை அரைப்படி ஆன கதை

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி மெயில் அனுப்பியிருந்தார். அவருடைய மாமியார், வீட்டுச் சமையலை அளவோடு எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். 2003-ல் வீட்டில் ஒரு கல்யாணம் வந்தபோது, அந்தக் குறிப்புகளை உள்ளூர் டி.டி.பி. சென்டரில் கொடுத்து டைப் செய்து, சின்னப் புத்தகமாக அச்சடித்து, தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாமியார் இப்போது இல்லை. அந்த டி.டி.பி. சென்டரும் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு சி.டி.யும், அதற்குள் 92 பக்க பி.டி.எஃப். ஒன்றும்தான்.

வரும் தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். அதே புத்தகத்தில் புதிதாகச் சில குறிப்புகளைச் சேர்த்து மறுபடியும் அச்சடிக்க ஆசை. ‘ஆன்லைனில் இலவசமாக வேர்டு ஃபைலாக மாற்றிப் பார்த்தேன். ஃபைல் வந்தது. ஆனால் உள்ளே தமிழே இல்லை, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமாக இருக்கிறது. என் பி.டி.எஃப். கெட்டுப்போய்விட்டதா?’ என்று கேட்டிருந்தார்.

கெடவில்லை. இதே கேள்வி வெவ்வேறு வடிவத்தில் மாதத்துக்கு நான்கைந்து வருகிறது. கோயில் கும்பாபிஷேக மலர், அப்பா எழுதிய கவிதைத் தொகுப்பு, சங்கத்தின் பழைய விதிமுறைகள் என்று பொருள் மட்டும்தான் மாறும். வாசகியிடம் கேட்டு அந்த ஃபைலையே வாங்கி, டெஸ்க்கில் இருக்கும் ஓர் அக்காவும் நானுமாக ஒரு மதியம் உட்கார்ந்து பத்துப் பக்கங்களை மாற்றிப் பார்த்தோம். அதில் தெரிந்ததுதான் இந்த வாரம்.

முதலில் பி.டி.எஃப். எதற்காக வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1993-ல் அடோபி நிறுவனம் இதை வெளியிட்டபோது நோக்கம் ஒன்றுதான்: எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எந்த பிரின்டரில் எடுத்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். திருத்துவதற்காக அது பிறக்கவே இல்லை. பக்கத்தின் இந்த இடத்தில் இந்த உருவத்தை வை, அதற்குப் பக்கத்தில் அந்த உருவத்தை வை என்ற கட்டளைகள்தான் பெரும்பாலும் அதற்குள் இருக்கும். பத்தி எங்கே முடிகிறது, இது தலைப்பா, இது அட்டவணையா என்பதெல்லாம் பல ஃபைல்களில் எழுதியே இருக்காது. கன்வெர்ட்டர் என்று நாம் சொல்வது, அந்த உருவங்களின் இடத்தைப் பார்த்து ‘இது ஒரு பத்தியாக இருக்கும்’ என்று ஊகிக்கிற மென்பொருள். ஆங்கிலத்தில் அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். தமிழில் ஊகத்துக்குப் போகும் முன்பே, எழுத்திலேயே மாட்டிக்கொள்கிறது.

எனவே எந்த கன்வெர்ட்டர் நல்லது என்று தேடுவதற்கு முன், உங்களிடம் இருப்பது எந்த மாதிரி பி.டி.எஃப். என்று பாருங்கள். போனிலேயே பார்க்கலாம். ஃபைலைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வாகவே இல்லையென்றால் பெரும்பாலும் அது ஸ்கேன் செய்த படம். எழுத்து மாதிரி தெரிகிறதே தவிர எழுத்து கிடையாது. தேர்வானால் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு மெசேஜாக ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கிலக் குப்பையாக வந்தால் பழைய ஃபான்ட்.

கும்பகோணம் ஃபைலில் முதல் 80 பக்கங்கள் பழைய ஃபான்ட். கடைசி 12 பக்கங்கள் ஸ்கேன். ஒரே ஃபைலுக்குள் இரண்டு நோய்.

குப்பை அல்ல, பாமினி

லேப்டாப்பில் அடோபி ரீடரில் திறந்து, ஃபைல் மெனுவில் பிராப்பர்ட்டீஸ் போய், ஃபான்ட்ஸ் என்ற பக்கத்தைப் பார்த்தால் உள்ளே என்னென்ன எழுத்துரு இருக்கிறது என்று பட்டியல் வரும். இதில் பாமினியும் ஏரியலும் இருந்தன.

பாமினி போன்ற பழைய ஃபான்ட்கள் செய்தது ஒரு தந்திரம். கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாத காலம் அது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்துவிட்டார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று நீங்கள் பார்ப்பது, கம்ப்யூட்டரின் கணக்கில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். ஃபான்ட்டைக் கழற்றிவிட்டால் அந்த எம்மும் கேயும்தான் மிஞ்சும். வாசகி பார்த்தது அதைத்தான்.

யூனிகோடின் முதல் பதிப்பு 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனாலும் டி.டி.பி. சென்டர்களும் அச்சகங்களும் அதற்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆனது. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதனால் 2010-க்கு முந்தைய தமிழ் பி.டி.எஃப். என்றால் பழைய ஃபான்ட்டாக இருக்கும் என்றே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிந்தையதிலும் உண்டு.

குப்பையைத் தமிழாக்குவது நினைக்கிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் என்று விண்டோஸில் ஓடும் இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த ஃபான்ட்டிலிருந்து என்று சொன்னால் யூனிகோடாக மாற்றித் தரும். போன் மட்டுமே இருப்பவர்கள் ‘பாமினி டு யூனிகோட்’ என்று தேடினால், எழுத்தை ஒட்டினால் மாற்றித் தரும் பக்கங்கள் கிடைக்கும். ஃபான்ட்டின் பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். வானவில், டேப், டேம், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. பாமினியை வானவில் என்று சொல்லி மாற்றினால் புதுவிதக் குப்பை கிடைக்கும்.

ஒட்டினோம், அழுத்தினோம், பளிச்சென்று தமிழ் வந்தது. அக்கா முதல் குறிப்பைச் சத்தமாகப் படித்தார். ரவா கேசரி. ‘ரவை 1 உரி’ என்று ஆரம்பித்தது.

கப் எங்கே போனது?

உரி தமிழ் அளவைதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அந்தக் காலத்து மாமியார், உரியில் அளந்திருப்பார் என்று யாரும் நம்பிவிடுவார்கள். நாங்களும் ‘பழைய அளவை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்’ என்று ஒரு நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு பி.டி.எஃப். பக்கத்தைப் பார்த்தால் அங்கே இருப்பது ‘1 கப்’. அளவுகளை மட்டும் ஆபரேட்டர் ஆங்கில எழுத்தில், ஏரியலில் டைப் செய்திருக்கிறார்.

நடந்தது இதுதான். எழுத்தை காப்பி செய்யும்போது ஃபான்ட் போய்விடுகிறது. எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று கன்வெர்ட்டருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பாமினி என்று நினைத்து மாற்றுகிறது. பாமினியில் சி என்றால் ‘உ’, யு என்றால் ‘ர’, பி என்றால் இகரக் கொம்பு. சி-யு-பி கப், ‘உரி’ ஆகிவிட்டது. ஒரு கப் ரவை, அரைப்படி ரவை.

அதோடு நிற்கவில்லை. மில்லி லிட்டரைக் குறிக்கும் எம்-எல், ‘அட’ ஆகியிருந்தது. பால் 250 அட. கிராமுக்குப் போட்ட ஜி-எம், ‘பஅ’. டீஸ்பூனைச் சுருக்கி டி-எஸ்-பி என்று போட்டிருந்த இடமெல்லாம் ‘வளி’. மிளகாய்த்தூள் 2 வளி.

‘பஅ’ பிரச்னையே இல்லை. பார்த்தவுடனே தப்பு என்று தெரியும். ‘அட’ சிரிப்பு மூட்டும். பயப்பட வேண்டியது உரியும் வளியும்தான். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருள் சிவப்புக் கோடு போடாது. கல்யாண வீட்டில் 500 பிரதி அடித்துக் கொடுத்த பிறகு, புது மருமகள் ஒருத்தி அரைப்படி ரவைக்கு, குறிப்பில் உள்ள இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றும்போதுதான் தெரியும்.

சரி, தெரிந்துவிட்டதே, வேர்டில் ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்து எல்லா ‘உரி’யையும் ‘கப்’ என்று மாற்றிவிடலாமே? அங்கேதான் அடுத்த பள்ளம். சமையல் குறிப்பில் ‘உரித்த பூண்டு’ இல்லாத பக்கம் ஏது? அது ‘கப்த்த பூண்டு’ ஆகிவிடும். ‘அட’வை மாற்றினால் அடுப்பு, அடை, அடிப்பிடிக்காமல் எல்லாம் சிதறும். தனிச் சொல்லாக இருந்தால் மட்டும் தேடு என்ற வசதி வேர்டில் இருக்கிறது. ஆனால் தமிழில் அதை நான் முழுதாக நம்பமாட்டேன். முன்னும் பின்னும் ஓர் இடைவெளி விட்டு ‘உரி’ என்று தேடுங்கள். ‘ஆல்’ என்ற பொத்தானைத் தொடாமல், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். 80 பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

இதைவிட மோசமான ஒன்று, எண்களில் இருந்தது. ஒன்றரை என்பதை அச்சில் அழகாக, 1-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் அரையைப் போட்டிருந்தார்கள். எழுத்தாக மாறும்போது பொடி எழுத்து, பெரிய எழுத்து என்ற வித்தியாசம் போய்விடும். 1½ டீஸ்பூன் உப்பு, ‘11/2 டீஸ்பூன் உப்பு’ என்று நின்றது. கணக்குப்படி ஐந்தரை. இரண்டேகால், ‘21/4’. இது பாமினிக்கு மட்டுமான வியாதி இல்லை, யூனிகோடு பி.டி.எஃப்.பிலும், ஆங்கிலத்திலும் நடக்கும். பின்னம் வரும் எந்த ஆவணமாக இருந்தாலும், மாற்றி முடித்ததும் சாய்கோட்டை மட்டும் தேடி, ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் ‘ஒன்றரை’ என்று எழுத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த தலைமுறை மாற்றும்போது இந்தத் தொல்லை இருக்காது.

கடைசி 12 பக்கங்கள்

ஸ்கேன் பக்கங்களுக்கு வழி வேறு. படத்தைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கும் ஓ.சி.ஆர். வேண்டும். தமிழுக்கு இன்று எளிதாகக் கையில் கிடைப்பது கூகுளுடையது. ஒன்றிரண்டு பக்கம்தான் என்றால் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் திறந்து, எழுத்தைத் தேர்வு செய்து காப்பி எடுத்துக்கொள்ளலாம். நிறைய இருந்தால் யாருடைய லேப்டாப்பையாவது அரைமணி நேரம் கடன் வாங்குங்கள். கூகுள் டிரைவில் ஃபைலை ஏற்றி, அதன் மேல் ரைட் கிளிக் செய்து, ஓப்பன் வித், கூகுள் டாக்ஸ் என்று கொடுத்தால் எழுத்தாகத் திறக்கும். ஃபைல் 2 எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. பெரிய ஃபைலைப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கம் சாயாமல், நிழல் விழாமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அட்டவணையும் இரண்டு பத்திப் பக்கமும் கலைந்துதான் வரும்.

இந்த 12 பக்கங்கள், மாமியார் 1960-களில் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டி வைத்த துண்டுகள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையவை என்பதால் லை, ணை, னை எல்லாம் தும்பிக்கை போட்ட பழைய வடிவம். அந்த இடங்களில் மென்பொருள் தடுமாறியது. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் சில இடம். ‘கௌ’வை ‘கெ’, ‘ள’ என்று இரண்டாகப் பிரித்துச் சில இடம். (இதையும் ‘ரீப்ளேஸ் ஆல்’ செய்யாதீர்கள். கெளுத்தி மீன் குழம்பு கெட்டுவிடும்.)

‘அப்படியென்றால் பாமினி பக்கங்களையும் படமாக்கி ஓ.சி.ஆர். போட்டிருக்கலாமே, கப் கப்பாகவே இருந்திருக்குமே’ என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஓ.சி.ஆர். கண்ணால் பார்ப்பதை எழுதுகிறது. கப்பைக் கப் என்றே படிக்கும். ஆனாலும் நான் கன்வெர்ட்டர் பக்கம்தான். அது செய்யும் தப்பு ஒரே மாதிரியானது. முதல் பக்கத்தில் கப் உரியானால் கடைசிப் பக்கத்திலும் உரிதான். பட்டியல் போட்டு வேட்டையாடலாம். ஓ.சி.ஆர். ஒரு பக்கத்தில் சரியாகப் படித்த சொல்லை அடுத்த பக்கத்தில் தப்பாகப் படிக்கும். எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வேறு வழியே இல்லாத ஸ்கேன் பக்கங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

விக்கிமூலத்தில் தமிழ் நூல்களைச் சேர்க்கும் தன்னார்வலர்கள் பின்பற்றும் முறை வீட்டுக்கும் பொருந்தும். ஓ.சி.ஆர். எடுத்த எழுத்து ஒரு பக்கம், ஸ்கேன் செய்த படம் இன்னொரு பக்கம். இரண்டையும் வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பிழை திருத்துகிறார்கள். கம்ப்யூட்டர் முடித்ததாகச் சொன்ன பிறகுதான் அவர்கள் வேலையே ஆரம்பிக்கிறது.

கும்பகோணம் வாசகிக்கு நான் எழுதிய பதிலில் இன்னொன்றும் சேர்த்தேன்: பிழை பார்க்கும் வேலையை டைப்பிங் தெரிந்த பிள்ளைகளிடம் விடாதீர்கள், சமைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒருவர் புதிய பிரதியைச் சத்தமாகப் படிக்கட்டும், இன்னொருவர் 2003 புத்தகத்தைக் கையில் வைத்துப் பார்க்கட்டும். ஐந்தரை ஸ்பூன் உப்பு என்றவுடன் ‘என்னது?’ என்று கேட்க, கையில் உப்புப் பழக்கம் உள்ள ஒருவர் வேண்டும். முதல் சுற்றில் அளவுகளை மட்டும் பாருங்கள், எழுத்துப்பிழை இரண்டாவது சுற்றுக்கு இருக்கட்டும். சில பக்க ஓரங்களில் மாமியார் பேனாவில் எழுதிய குறிப்புகளும் ஸ்கேனில் விழுந்திருந்தன. ‘சின்னவனுக்குக் காரம் கம்மி’ என்று ஓர் இடத்தில். அவற்றை எந்த ஓ.சி.ஆரும் ஒழுங்காகப் படிக்கவில்லை. அவற்றை டைப் செய்யாமல் படமாகவே புத்தகத்தில் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

புது பி.டி.எஃப். வைத்திருப்பவர்களுக்கு

யூனிகோடு என்றால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். ‘கொத்தமல்லி’யை காப்பி செய்தால் ‘ெகாத்தமல்லி’ என்று வரும். ஒற்றைக்கொம்பு, எழுத்துக்கு முன்னால் வரைந்திருப்பதால் அதையே முதல் எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்கு ஏறக்குறைய சரியாகத் தெரிந்தாலும், தேடினால் கிடைக்காது. வேர்டு 2013-லிருந்து பி.டி.எஃப்.பை நேரடியாகவே திறக்கலாம். முதலில் அதில் திறந்து பாருங்கள். கொம்பெல்லாம் இடம் மாறியிருந்தால் பக்கத்தைப் படமாக்கி கூகுள் டாக்ஸ் வழியாகப் போவதுதான் வேகம்.

இலவச கன்வெர்ட்டர் தளங்கள் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் ஏற்றும் ஃபைல் உங்கள் போனைவிட்டு வேறு யாருடைய கம்ப்யூட்டருக்கோ போகிறது. கேசரிக் குறிப்பு போனால் ஒன்றும் ஆகாது. ஆதார், பட்டா, வங்கி ஸ்டேட்மென்ட், மருத்துவ ரிப்போர்ட் ஆகியவற்றை அப்படி ஏற்றாதீர்கள். லேப்டாப்பில் வேர்டு இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம். அதன் டிரா என்ற பகுதியில் பி.டி.எஃப்.பை இன்டர்நெட் இல்லாமலேயே திறந்து திருத்தலாம்.

படிவத்தை நிரப்புவதற்காகவே வேர்டாக மாற்றப் பார்ப்பவர்கள் நிறைய. அதற்கு மாற்றவே வேண்டாம். அடோபி ரீடர் ஆப்பில் ஃபில் அண்ட் சைன் என்று இருக்கிறது. படிவத்தின் மேலேயே எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பலாம்.

சென்ற வாரம் வந்த இன்னொரு மெயில்: மகனின் ஜாதிச் சான்றிதழ் பி.டி.எஃப்.பில் இனிஷியல் தப்பாக இருக்கிறது, வேர்டாக மாற்றித் திருத்திவிடலாமா? கூடவே கூடாது. ஆன்லைனில் வாங்கும் சான்றிதழில் அதிகாரியின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். வேர்டாக மாற்றிய நொடியில் அது போய்விடும். திருத்தி மறுபடி பி.டி.எஃப். ஆக்கினால் உங்கள் கையில் இருப்பது போலிச் சான்றிதழ், எழுத்து ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தாலும். சரிபார்ப்பில் மாட்டுவது மகனின் அட்மிஷன். இ-சேவை மையத்துக்குப் போய்த் திருத்தத்துக்கு வழி கேளுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில் சிலர் கேள்வியோடு சொத்துப் பத்திரத்தையே முழுதாக இணைத்து அனுப்பியிருந்தார்கள். வேண்டாம். எந்தப் பக்கத்தில் சிக்கலோ அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் போதும், பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். ஃபான்ட்ஸ் பட்டியல் கிடைத்தால் அதையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும்.